செய்முறைத் தக்காளி

அம்மாவைக் கூட்டிக்கொண்டு சின்னவன் கண் மருத்துவமனைக்குப் போயிருந்த காலையில், கல்லூரியில் அவனை விவசாயி ஆக்கிவிட்டார்கள்.

வேளாண் வணிகத் துறையில் அது வழக்கம்தான். இறுதியாண்டில் ஒரு செய்முறைப் பாடம் உண்டு. பெயர் மதிப்புச் சங்கிலி. பருவம் முழுக்க வகுப்பே ஒரு சந்தையாக மாறிவிடும். ஒருவர் விதை நிறுவனம், ஒருவர் உரம், ஒருவர் வங்கி, ஒருவர் காப்பீடு. பிறகு கொள்முதல், குளிர்பதனக் கிடங்கு, தரச்சான்று, பதப்படுத்தல், விளம்பரம், ஏற்றுமதி என்று நீண்டு, விவசாயியின் துயரத்தை ஆராய்ச்சி செய்பவரில் போய் முடியும். மதிப்பெண் வரிசைப்படி மாணவர்களே தங்களுக்குப் பிடித்ததை எடுத்துக்கொள்ளலாம். கடைசியில் விவசாயி மிஞ்சுவார். இதுவரை அதை யாரும் எடுத்ததில்லை. அன்றைக்கு வராதவர் பெயரில் எழுதிவிடுவார்கள்.

மறுநாள் சின்னவன் துறைத்தலைவரின் அறைக்குப் போனான். மேசைமேல் பித்தளையில் ஒரு சின்னக் கலப்பை இருந்தது. மின்விசிறிக் காற்றில் காகிதம் பறக்காமல் பார்த்துக்கொள்வது அதன் வேலை.

"சார், நான் லீவ் சொல்லிட்டுதான் போனேன்."

"தெரியும்பா. அம்மாவுக்குக் கண்ணு எப்படி இருக்கு?"

"பரவால்ல சார். எனக்கு வேற ஏதாவது மாத்திக் கொடுக்க முடியுமா?"

"எப்படி முடியும்? நீ இல்லாதப்ப எடுத்த முடிவு. அதனாலதான் அது செல்லும். முடிவெடுக்கற கூட்டத்துல விவசாயியும் உக்காந்திருந்தா அது எந்த ஊர் நிஜம்?"

"ஒரு கிளாஸுக்கே ஒரு விவசாயி போதுமா சார்?"

"ஒருத்தர்தான் இருக்கணும். ரெண்டு பேர் இருந்தா பேசி வெச்சுக்குவாங்க."

சின்னவன் தலையாட்டிவிட்டு வெளியே வந்தான். பாடத்தின் விதிகள் அறிவிப்புப் பலகையில் இருந்தன. நீளமான விதிகள். அவனுக்கு வேண்டியது ஒன்றுதான். பருவ முடிவில் நஷ்டத்தில் நிற்பவருக்குத் தேர்ச்சி கிடையாது. போன வருட விவசாயி இன்னும் அரியர் எழுதிக்கொண்டிருந்தான். அதற்கு முந்தைய வருட விவசாயி பட்டத்தை மறந்துவிட்டு ஒரு கூரியர் கம்பெனியில் சேர்ந்துவிட்டான். நன்றாக இருக்கிறான் என்று சொன்னார்கள்.

வீட்டில் அக்கா மருந்துக் கடையிலிருந்து வந்து கால்களை வாளித் தண்ணீரில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நாள் முழுக்க நின்றே விற்கிற வேலை.

"என்னவாடா ஆக்கிருக்காங்க உன்னை?"

"விவசாயி."

அக்கா சிரித்தாள். தண்ணீர் தளும்பியது.

"கத்தாழையையே சாகடிச்சவன்டா நீ. வெயில்ல வெச்சாலும் பொழைக்கும், நிழல்ல வெச்சாலும் பொழைக்கும்னு கொடுத்தாங்க. உன்கிட்ட பொழைக்கல."

"விளையாட்டு இல்லக்கா. நஷ்டம் வந்தா பெயில்."

அக்கா சிரிப்பை நிறுத்தினாள். மருந்தாளுநர் படிப்பில் அவளுக்கு இடம் கிடைத்திருந்தது. போன வருடமே கிடைத்தது. தம்பி வேலைக்குப் போகட்டும் என்று ஒரு வருடம் தள்ளிப்போட்டாள். இனித் தள்ள முடியாது என்று அங்கே சொல்லிவிட்டார்கள். சின்னவன் தேறி, வேலை கிடைத்தால் அவள் படிக்கப் போவாள். இல்லாவிட்டால் அதே கடையில் அதே இடத்தில் நின்று, மற்றவர்கள் எழுதிக் கொடுத்த சீட்டைப் பார்த்து மாத்திரை எடுத்துக் கொடுத்துக்கொண்டிருப்பாள்.

"சரி, நஷ்டப்படாம விவசாயம் பண்ணிடு" என்றாள்.

"எல்லாரும் அதைத்தான் சொல்றாங்க."

நிலம் சைக்கிள் கொட்டகையில் இருந்தது. தரையில் சுண்ணாம்புக் கட்டியால் கட்டம் போட்டிருந்தார்கள். மஞ்சள் அட்டை விதை. அதைக் கட்டத்தில் வைத்து, மேலே பச்சை அட்டையை உரமாக வைக்க வேண்டும். வானிலை சரியாக இருந்தால் அது சிவப்பு அட்டையாக மாறும். சிவப்பு அட்டை என்றால் தக்காளி. மாலைக்குள் விற்காவிட்டால் அழுகியதாகக் கொள்ளப்படும்.

மஞ்சள் அட்டை தனியாகக் கிடைக்காது. பச்சை அட்டை வாங்கினால்தான் கொடுப்பார்கள். பச்சை அட்டை வாங்க வங்கிக்குப் போக வேண்டும். வங்கி காப்பீட்டுக்கு அனுப்பும். காப்பீடு, பயிர் போட்ட பிறகு வாருங்கள் என்று சொல்லும். எல்லாரும் ஒரே வராந்தாவில் அடுத்தடுத்த மேசைகளில் இருந்ததால் சுற்றுவது சுலபமாக இருந்தது.

வானிலை, ஆய்வக உதவியாளரின் கையில் இருந்தது. கண்ணாடிக் குவளையில் தாயக்கட்டையைப் போட்டுக் குலுக்கி மேசையில் கவிழ்ப்பார். துறையில் எல்லாரும் அவரை மழைக்காரர் என்றார்கள். பல வருடமாக வானிலையாக இருந்து அவருக்கு நடையே மாறிவிட்டது. வணக்கம் வைத்தால் உடனே திரும்ப வைக்கமாட்டார். கொஞ்ச நேரம் மேலே பார்ப்பார்.

முதல் விதைப்புப் பட்டத்துக்குக் கட்டையைக் கவிழ்த்துவிட்டு, "ஆலங்கட்டி" என்றார்.

"இன்னொரு தடவை போடுங்க சார்."

"தம்பி, என்மேல கோவப்பட்டு என்ன பிரயோஜனம்? நான் வெறும் கருவி. இன்னொரு தடவை போடலாம். ஆனா அது அடுத்த வருஷ மழை."

இரண்டாம் பட்டத்தில் கட்டை நன்றாக விழுந்தது. மழை, வெயில் எல்லாம் அளவாக இருந்தன. கட்டம் முழுக்கச் சிவப்பு அட்டை. சின்னவன் அவற்றை இரண்டு கைகளிலும் அள்ளிக்கொண்டு வராந்தாவுக்கு ஓடினான். விளைச்சல் அதிகமானதால் விலை விழுந்துவிட்டதாகச் சொன்னார்கள்.

விலை கேன்டீனில் முடிவாகும். விவசாயியும் கேன்டீனுக்கு வரலாம், தடை இல்லை. விலை பேசி முடிக்கும்வரை மட்டும் வெளியே நிற்க வேண்டும். கொள்முதல் பொறுப்பில் இருந்தவன் முதலாண்டிலிருந்து சின்னவனின் பக்கத்து இருக்கைக்காரன். இப்போது எல்லாரும் அவனை வியாபாரி என்று கூப்பிட்டார்கள். கை கழுவிக்கொண்டே வெளியே வந்தான்.

"டேய், தப்பா நெனைக்காத. பாதி விலைதான்."

"அடக்க விலைகூட வராதேடா."

"எனக்கும் தெரியும். ஆனா நான் லாபம் காட்டலைன்னா எனக்கும் பெயில்தானே? வேணும்னா ஒரு டீ சொல்றேன்."

சின்னவன் டீ குடித்தான். அந்தப் பருவத்தில் சந்தையிலிருந்து அவனுக்குக் கிடைத்த மிச்சம் அது.

ஆனால் ஒன்று. விவசாயி ஆனதிலிருந்து வகுப்பில் மரியாதை கூடிவிட்டது. "வாடா, போடா" என்றவர்கள் "நீங்க, வாங்க" என்றார்கள். வியாபாரி ஒருவன்தான் பழையபடி பேசினான். மற்றவர்களின் மரியாதையைப் பார்த்துத்தான் சின்னவனுக்கு முதன்முதலாகப் பயம் வந்தது.

நஷ்டம் வந்த மறுநாள் அவனைப் பார்க்க வரிசை நின்றது. விவசாயி நஷ்டப்பட்டால் அதைப் பற்றி அறிக்கை எழுதுபவர்களுக்கு மதிப்பெண் உண்டு. ஆடு நனைகிறதே என்று அழுத ஓநாய்க்குக்கூட யாரும் மதிப்பெண் போட்டதில்லை. முதலில் ஆலோசகர் பொறுப்பை எடுத்திருந்தவள் வந்தாள். வகுப்பில் முதல் மதிப்பெண் அவள்.

"உங்க மனநிலை இப்ப எப்படி இருக்கு? ஒண்ணுல இருந்து அஞ்சுக்குள்ள சொல்லுங்க. ஒண்ணுன்னா ரொம்ப மோசம்."

"ரெண்டு."

அவள் தாளிலிருந்து பேனாவை எடுத்துவிட்டாள். "ரெண்டுன்னா என் அறிக்கை நிக்காதே. ஒண்ணுன்னு போட்டுக்கவா?"

"போட்டுக்கோ."

"ரொம்ப நன்றி. இப்ப என்னோட ஆலோசனை. நீங்க லாபகரமான பயிருக்கு மாறணும்."

"தக்காளி மட்டும்தானே அட்டை அடிச்சிருக்காங்க?"

"அது நடைமுறைச் சிக்கல். நான் கொள்கை மட்டும்தான் சொல்வேன்."

அந்த வாரமே துறையில் ஒரு கருத்தரங்கு நடந்தது. தலைப்பு, விவசாயியின் குரல். சின்னவனைக் கட்டாயம் வரச் சொல்லியிருந்தார்கள். மேடையில் அவனுக்கு நாற்காலி இல்லை. கீழேயும் இல்லை. பங்கேற்பவர்களுக்கு மட்டும்தான் நாற்காலி, நீங்கள் கருப்பொருள் என்று விளக்கினார்கள். தோட்டக்காரரிடமிருந்து ஒரு மண்வெட்டியை வாங்கிக் கொடுத்துப் புகைப்படம் எடுத்தார்கள். சின்னவன் அதைத் தலைகீழாகப் பிடித்திருந்தான். படம் எடுத்தவருக்கும் அது தெரியவில்லை.

துறைத்தலைவர் பேசினார்.

"நண்பர்களே, விவசாயி இல்லைன்னா நாம இல்லை. இதை வாய்வார்த்தைக்குச் சொல்லல. என்னையே எடுத்துக்கங்க. விவசாயி நஷ்டப்பட்டாரு, நான் அதை ஆராய்ச்சி பண்ணி முனைவர் ஆனேன். அவரு கடன்பட்டாரு, அதைப் பத்தி எழுதினேன், பதவி உயர்வு வந்துச்சு. அவரு நிலத்தை வித்துட்டு வேற வேலைக்குப் போனாரு, அதைச் சொல்றதுக்கு என்னை எத்தனையோ நாட்டுக்குக் கூப்பிட்டாங்க. விமான டிக்கெட் அவங்க செலவு. இவ்வளவும் கொடுத்த மனுஷனுக்கு நாம என்ன கைமாறு செய்யப்போறோம்?"

கொஞ்சம் நிறுத்தினார். அவர் குரல் கம்மியிருந்தது. நடிப்பு இல்லை.

"அடுத்த வருஷமும் இதே மாதிரி ஒரு கருத்தரங்கு நடத்தப்போறோம்."

கைதட்டல் அடங்க நேரமானது. துறைத்தலைவர் கையை உயர்த்தினார்.

"நீங்க வயலுக்குப் போனதுண்டான்னு சிலர் கேக்கறாங்க. போனதில்ல. வெளிப்படையாவே சொல்றேன். போனா மனசு ஒரு பக்கம் சாய்ஞ்சிடும். ஆராய்ச்சிக்கு நடுநிலைமை முக்கியம்."

பிறகு விவசாயியின் குரலுக்கு நேரம் ஒதுக்கியிருந்தார்கள். சாப்பாடு வந்துவிட்டதால் அதை நன்றியுரையோடு சேர்த்துவிட்டார்கள். நன்றியுரையை விளம்பரப் பொறுப்பில் இருந்த மாணவன் சொன்னான்.

அன்று சின்னவன் நடந்தே வீட்டுக்குப் போனான். யாரிடம் கோபப்படுவது என்று அவனுக்குத் தெரியவில்லை. எல்லாரும் அன்பாக இருந்தார்கள். ஒவ்வொருவரும் விதிப்படி நடந்தார்கள். சுவரில் முட்டிக்கொள்ளலாம் என்றால் சுவரே வழிவிட்டு, தோளில் தட்டி, "உங்களைத்தான் நெனைச்சுக்கிட்டிருந்தேன்" என்றது.

அந்த வருடத் துறைக் கணக்கில் முதல் இரண்டு பட்டங்களும் ஒத்திகை. மூன்றாவதுதான் மதிப்பெண்ணுக்கு. துறைக்குத் தரம் போடும் மதிப்பீட்டுக் குழு அதைப் பார்க்க வருவதாக இருந்தது. ஒத்திகை நஷ்டங்களை அழித்துவிட்டு, எல்லாரையும் பூஜ்யத்தில் நிறுத்தினார்கள். சின்னவன் பலகையைப் பார்த்துக்கொண்டு நின்றான். தன் பெயருக்கு எதிரே பூஜ்யம் பார்ப்பது அவனுக்கு இதமாக இருந்தது. விதியைத் திரும்பப் படித்தான். நஷ்டத்தில் நிற்பவருக்குத்தான் தேர்ச்சி இல்லை.

அவன் விதைக்கவில்லை.

முதல் நாள் யாரும் கவனிக்கவில்லை. இரண்டாம் நாள் விதை நிறுவனம் வந்து, புது ரகம் ஒன்று இருக்கிறது என்றது. மூன்றாம் நாள் வங்கியே எழுந்து சைக்கிள் கொட்டகைக்கு வந்தது. வங்கியாக இருந்த மாணவி அதுவரை நாற்காலியை விட்டு எழுந்ததே இல்லை.

"கடன் வேணுமா?"

"வேணாம்."

"எவ்வளவு வேணாம்?"

சட்டியில் இருந்தால்தானே அகப்பையில் வரும். கொள்முதல் நின்றது. கிடங்கில் குளிர்சாதனம் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. வைக்க ஒன்றும் இல்லை. தரச்சான்றுக்காரன் வேறு வழியில்லாமல் காலிப் பெட்டிகளுக்கு முதல் தரம் என்று முத்திரை குத்திப் பழகினான். துயர ஆராய்ச்சியாளன் நாளுக்கு இரண்டு முறை வந்து, "ஏதாவது கஷ்டம் இருக்கா?" என்று கேட்டான். ஒன்றுமில்லை என்றதும் அவன் முகத்தைப் பார்க்கச் சகிக்கவில்லை. மழைக்காரர் தாயக்கட்டையைச் சும்மாவே உருட்டிக்கொண்டிருந்தார்.

"என்ன மழை போட்டும் நனையறதுக்கு ஆள் இல்லையே தம்பி" என்றார்.

ஆலோசகர் ஒரு பயிலரங்கு நடத்தினாள். விதைப்பதில் உள்ள மகிழ்ச்சி என்பது தலைப்பு. துறை அவனுக்கு முன்னோடி விவசாயி விருது கொடுத்தது. சான்றிதழில் அவன் ஆற்றிய சேவை என்ற இடம் காலியாக இருந்தது. வசதிப்படி அவனே நிரப்பிக்கொள்ளச் சொன்னார்கள்.

கடைசியில் துறைத்தலைவர் கூப்பிட்டனுப்பினார். வங்கி, காப்பீடு, உரம், வியாபாரி எல்லாரும் அறையில் நின்றார்கள்.

"குழு வர்ற நேரம்பா. என்னதான் வேணும் உனக்கு? மானியம் வேணும்னா அட்டை அடிச்சுத் தரச் சொல்றேன்."

"மானியம் வேணாம் சார். என் தக்காளிக்கு விலைய நான் சொல்லணும். அவ்வளவுதான்."

வங்கி காப்பீட்டைப் பார்த்தது. காப்பீடு தரையைப் பார்த்தது. துறைத்தலைவர் கோபப்படவில்லை. அதுதான் சின்னவனுக்குத் தாங்க முடியாமல் இருந்தது. அவருக்கு உண்மையிலேயே புரியவில்லை.

"விலைய நீ சொல்றதா? எதுக்கு?"

"விதை விலைய விதைக்காரங்க சொல்றாங்க. உரத்து விலைய உரக்காரங்க சொல்றாங்க. கிடங்கு வாடகைய கிடங்கு சொல்லுது சார்."

"அவங்களுக்குச் செலவு இருக்குல்ல?"

"எனக்கும் இருக்கு."

"உனக்கு இருக்கறது செலவு இல்லப்பா. அதுக்குப் பேரு உழைப்பு." துறைத்தலைவர் நாற்காலியில் சாய்ந்துகொண்டார். "இப்படி எந்தப் பாடத்துலயும் இல்லையே. உழுதவன் கணக்குப் பாத்தா உழக்குகூட மிஞ்சாதுன்னு பழமொழியே இருக்கு. நம்ம பாடத்திட்டமே அதுக்கு மேலதான் நிக்குது. நீ லாபம் காட்டிட்டா, ஒண்ணு பழமொழி தப்பு, இல்லைன்னா நாங்க தப்பு. ரெண்டையும் என்னால குழு முன்னாடி வைக்க முடியாது."

"அப்ப நான் விதைக்கல சார்."

"அது உன் உரிமை" என்றார் துறைத்தலைவர். "விதைக்காம இருக்கற உரிமைய மட்டும் இந்தத் துறை எப்பவும் பறிச்சதில்ல."

மறுநாள் வேறொரு கல்லூரியிலிருந்து தக்காளியை இறக்குமதி செய்தார்கள். கூரியரில் இரண்டு கட்டு வந்தது. அந்தக் கல்லூரி மாணவர்களும் படித்தவர்கள். இங்கே விவசாயி விதைக்கவில்லை என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது. விலையை அவர்களே சொன்னார்கள். யாரும் அவர்களை வெளியே நிற்கச் சொல்லவில்லை.

குழு வந்தபோது சங்கிலி ஓடிக்கொண்டிருந்தது. குழுத் தலைவர் வராந்தா முழுக்க நடந்து பார்த்தார். கூட வந்த ஓர் உறுப்பினர் சிவப்பு அட்டை ஒன்றை எடுத்து விரலால் மெல்ல அழுத்தி, "நல்லா பழுத்திருக்கு" என்றார்.

"விவசாயி எங்க?" என்று கேட்டார் தலைவர்.

துறைத்தலைவர் தயங்கவில்லை. "இது அடுத்த கட்டம் சார். விவசாயி இல்லாத வேளாண்மை. இந்த வருஷம் சோதிச்சுப் பாக்கறோம்."

குழு குறிப்பெடுத்துக்கொண்டது. துறைக்கு மிக உயர்ந்த தரம் கிடைத்தது.

ஆனால் கணக்கு முடித்தபோது வகுப்பு முழுக்க நஷ்டம். இறக்குமதி விலையில் கொள்முதல் விழுந்தது. கொள்முதல் விழுந்ததும் கிடங்கு, பதப்படுத்தல், ஏற்றுமதி என்று வரிசையாகச் சாய்ந்தன. கொடுத்த கடன் வராமல் வங்கி சாய்ந்தது. பலகையில் பூஜ்யத்தோடு நின்றது சின்னவன் ஒருவன்தான். விதிப்படி அந்த வருடம் தேறியவன் அவன் மட்டுமே.

அந்தச் செய்தியை அக்காவிடம் போனில் சொன்னான். அவள் கடையிலேயே ஒரு வாடிக்கையாளருக்கு மாத்திரை எடுத்துக்கொண்டிருந்தாள். "நெசமாவா?" என்று கேட்டுவிட்டு, போனை வைத்த பிறகும் சிரித்துக்கொண்டிருந்ததாக, கண் சொட்டு மருந்துக்காக அங்கே போயிருந்த அம்மா பிறகு சொன்னாள்.

மறுநாள் புது அறிவிப்பு வந்தது. எதிர்பாராத இழப்பைக் கருத்தில் கொண்டு, நஷ்டம் காட்டிய அனைவருக்கும் நிவாரண மதிப்பெண். பழைய விதி, பருவத் தொடக்கத்திலிருந்தே ரத்து. லாபம் காட்டியவர்களும் நிவாரணம் பெற்றவர்களும் தேர்ச்சி. கீழே பெயர்கள் இருந்தன. சின்னவன் இரண்டு முறை படித்தான். தன் பெயர் இல்லை.

துறைத்தலைவர் அவனை உட்காரச் சொன்னார். அந்த அறையில் அவன் உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை.

"எனக்கு ஏன் சார் வரல?"

"உனக்கு எப்படிப்பா வரும்? லாபம் காட்டலியே."

"நஷ்டமும் இல்லையே சார்."

"அதான் பிரச்சினையே. நஷ்டப்படாதவனுக்கு நான் எந்த மனசாட்சியோட நிவாரணம் கொடுப்பேன்? நாளைக்கு நாலு பேர் கேக்க மாட்டாங்களா?"

"வங்கிக்குக் கொடுத்திருக்கீங்க."

"வங்கி விழுந்தா எல்லாரும் விழுவாங்க. நீ விழுந்தா நீ மட்டும்தானே? நான் உன்னைக் குறைச்சுச் சொல்லல. அது உன்னோட பலம்."

ஜன்னலுக்கு வெளியே வளாக நேர்காணலுக்கு நாற்காலிகளை இறக்கிக்கொண்டிருந்தார்கள். தேர்ச்சி பெற்றவர்கள் மட்டும் வரலாம் என்று ஒலிபெருக்கியில் சோதித்துப் பார்த்தார்கள். காலையில் அக்கா கேட்டிருந்தாள். படிப்பில் சேர்கிறாளா, இல்லையா என்று நாளைக்குள் சொல்ல வேண்டுமாம்.

துறைத்தலைவர் குரலைத் தாழ்த்தினார்.

"இங்க பாரு. நீ நல்ல பையன். உன்னை விட்டுட எனக்கு மனசில்ல. நூத்துக்கு நூறு தேர்ச்சின்னு அறிக்கையில போடணும்னு எனக்கும் ஆசைதான். ஒரு கட்டம் விதைச்சுடு. ஒரே ஒரு கட்டம். சாயங்காலத்துக்குள்ள நஷ்டப்பட்டு வந்துடு. கையோட கையெழுத்துப் போட்டுடறேன்."

"நஷ்டப்பட்டா பாஸா சார்?"

"முறையா நஷ்டப்பட்டா."

சின்னவன் சைக்கிள் கொட்டகைக்குப் போனான். ஒரு மஞ்சள் அட்டை, ஒரு பச்சை அட்டை. மழைக்காரரைக் கூட்டிவந்து, ஆலங்கட்டி போடச் சொல்லிக் கேட்டான்.

"முடியாது தம்பி. குழு வந்து போனதிலிருந்து நல்ல மழை மட்டும்தான் போடணும்னு உத்தரவு. அறிக்கையில அழகா இருக்கணுமாம்."

கட்டையை உருட்டவே இல்லை. கையால் எடுத்து வைத்தார். பயிர் நன்றாக வந்தது.

சின்னவன் ஒற்றைச் சிவப்பு அட்டையோடு கேன்டீனுக்குப் போனான். வாசலில் நின்றான். வியாபாரி உள்ளே தனியாக உட்கார்ந்திருந்தான். தேர்ச்சி கிடைத்துவிட்ட நிம்மதியில் அவன் முகம் நிறைந்திருந்தது. மறுநாள் நேர்காணலுக்குத் தேய்த்து வாங்கிய சட்டை மடிப்புக் கலையாமல் பக்கத்து நாற்காலியில் தொங்கியது.

"ஏன்டா வெளிய நிக்கற? உள்ள வா. உக்காரு."

சின்னவன் உட்கார்ந்தான்.

"இந்த ஒண்ணை வாங்கிக்கடா."

"வாங்கிக்கறேன். எனக்கு இனிமே லாபம் வந்தா என்ன, வராட்டி என்ன? உன்னைப் போட்டு ரொம்ப வதைச்சுட்டேன்." வியாபாரி அட்டையை வாங்கி மேசையில் வைத்தான். "நீ கேட்ட மாதிரியே ஆகட்டும். விலைய நீயே சொல்லு. எவ்வளவு சொன்னாலும் சரி, அப்படியே எழுதறேன்."

அவன் உண்மையாகத்தான் சொன்னான். பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருந்தான்.

சின்னவன் அட்டையைப் பார்த்தான். விதை, உரம், கடன் வட்டி எல்லாம் அவன் மனதில் இருந்தன. அடக்க விலை என்ன என்று அந்தத் துறையிலேயே அவன் ஒருவனுக்குத்தான் தெரியும். வேறு யாருக்கும் அது தேவைப்பட்டதில்லை.

"அடக்க விலையில பாதி போட்டுக்கோ" என்றான்.

"டேய், நீதான்டா சொல்ற. யோசிச்சுச் சொல்லு."

"யோசிச்சுதான் சொல்றேன். எழுது."

அன்று மாலை அவனுக்குத் தேர்ச்சி கிடைத்தது. துறையின் ஆண்டறிக்கையில் அது முதல் பக்கத்தில் வந்தது. விவசாயி தன் விளைபொருளுக்குத் தானே விலை நிர்ணயித்த முதல் ஆண்டு.

மறுநாள் நேர்காணல். ஒரு பெரிய கொள்முதல் நிறுவனம் வந்திருந்தது. காய்கறியைத் தோட்டத்திலேயே போய் வாங்கி, குளிரூட்டிய வண்டியில் ஏற்றி, கண்ணாடிக் கடைகளில் விற்கிறவர்கள். நேர்காணல் செய்தவர் முழுக்கைச் சட்டையில் சோர்வாக இருந்தார். காலையிலிருந்து எத்தனையோ பேர் அவரிடம் மதிப்புச் சங்கிலியை விளக்கியிருந்தார்கள்.

"செய்முறையில உங்க பொறுப்பு?"

"விவசாயி சார்."

அவர் தன் கையிலிருந்த தாளில் மேலிருந்து கீழ்வரை தேடினார். "எங்ககிட்ட அப்படி ஒரு பிரிவு இல்லையே. விவசாயிங்க எங்களுக்கு விக்கறதுக்கு ஒரு செயலி இருக்கு. வேணும்னா போறப்ப வெளிய கேட்டு வாங்கிக்கங்க." பேனாவை மூடினார். சின்னவன் எழவில்லை. அவருக்குக் கொஞ்சம் சங்கடமாகிவிட்டது போல.

"சரி, வந்ததுக்கு ஒரு கேள்வி. எங்க வேலையில கஷ்டமே விவசாயிங்கதான். விலையப் பிடிச்சுக்கிட்டு நிப்பாங்க. இதுக்குக் கீழ முடியாதுன்னு பிடிவாதம் பிடிப்பாங்க. படிச்சுட்டு வர்ற பசங்களால அவங்களை இறக்க முடியல. உங்களால முடியுமா?"

"முடியும் சார்."

"எல்லாரும் அப்படித்தான் சொல்றாங்க. செஞ்சு பாத்திருக்கீங்களா?"

"ஒருத்தனை இறக்கியிருக்கேன் சார். பெரிய பிடிவாதக்காரன். ஒரு பட்டம் பூரா விதைக்க மாட்டேன்னு நின்னவன்."

"எவ்வளவு இறங்கினான்? அடக்க விலைக்கா?"

"அதுல பாதி."

அவர் முதன்முறையாக நிமிர்ந்து அவனைப் பார்த்தார். மூடிய பேனாவைத் திறந்தார்.